பிஜியின் 2023-ஆம் ஆண்டைத் தைத்துக் கொடுத்த பாளையங்கோட்டை பைண்டிங் கடை

2023 டிசம்பர் 18-ஆம் தேதி விடியுமுன் தாமிரபரணி வெள்ளம் சிந்துபூந்துறையில் உள்ள எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது, அலமாரியின் அடித்தட்டில் அடுக்கி வைத்திருந்த பிஜித் தீவுச் செய்தித்தாள்கள் அத்தனையும் நனைந்துபோயின. பிஜியின் லவுட்டோக்கா நகரில் கணக்கராக வேலை பார்க்கும் என் தங்கை மகன், வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்காக, அந்த நாட்டின் முக்கியமான தாள்களைச் சேர்த்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை அனுப்பி வந்தான். வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், ஈரக் கட்டுகளைச் சாக்கில் போட்டு, பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் உள்ள சிறிய பைண்டிங் கடைக்குக் கொண்டு போனேன். அங்கே கிடைத்த வேலையைப் பற்றியே இதை எழுதுகிறேன்.

கடைக்காரர் முதலில் சொன்னது, "வெயில்ல மட்டும் காய வச்சிராதீக சார்வாள், அப்பளமா நொறுங்கிரும்" என்பதுதான். ஒட்டிக்கொண்ட தாள்களை ஈரம் இருக்கும்போதே மெல்லிய மூங்கில் சீவலால் ஒவ்வொன்றாகப் பிரித்து, இடையிடையே வெற்றுத்தாள் வைத்து, மேலே பலகையும் கல்லும் ஏற்றி, காலையும் மாலையும் அந்த வெற்றுத்தாள்களை மாற்றிக்கொண்டே இருந்தார். காய்ந்த பிறகு ஒவ்வொரு தாளின் உள்விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்குக் கெட்டிக் காகிதப் பட்டை ஒட்டி, தையலை அந்தப் பட்டையில் மட்டும் போட்டார். அதனால் தொகுதியை முழுவதும் விரித்தாலும் ஓர் எழுத்துகூட முதுகுப் பக்கம் மறைவதில்லை. பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கிறார். மேலே கருநீலக் காலிகோ துணி.

இவ்வளவு பாடு அந்தத் தாள்களுக்குத் தகும். முதல் தாள் 2022 டிசம்பர் 24-ஆம் தேதி நிகழ்வைச் சொல்வது. 55 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றத்தில் 28-க்கு 27 என்று ஒரே வாக்கு வித்தியாசத்தில் சித்திவேனி ரபுக்கா பிரதமரானார். 2006 ராணுவப் புரட்சியிலிருந்து அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த பிராங்க் பைனிமராமாவின் ஆட்சி முடிந்தது. சோடெல்பா என்ற சிறிய கட்சியின் 3 உறுப்பினர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதில்தான் ஒரு நாட்டின் ஆட்சியே தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்து, ஏப்ரல் மாதத் தாள்கள். 2010-இல் கொண்டுவரப்பட்ட கடுமையான ஊடகச் சட்டத்தைப் புதிய நாடாளுமன்றம் அந்த மாதம் நீக்கியது. 1869-இல் தொடங்கப்பட்ட பிஜி டைம்ஸ் இதழ், 2009 ஏப்ரலில் தணிக்கையாளர்கள் செய்தி அறைக்குள் வந்து உட்கார்ந்தபோது, தடுக்கப்பட்ட செய்திகளுக்கு உரிய இடத்தை வெறுமையாகவே விட்டு அச்சிட்டது. அந்த வரலாற்றைச் சொன்ன பிறகு கடைக்காரர் ஏப்ரல் தாள்களைத் தனியாக எடுத்து வைத்துக் கையாண்டார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

மே மாதத் தாள்களில்தான் அவர் உழைப்பு முழுமையாகத் தெரிகிறது. 1879 மே 14-ஆம் தேதி லியோனிதாஸ் என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கல்கத்தாவிலிருந்து பிஜிக்குக் கொண்டு சேர்த்தது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் நம் மக்கள் கப்பல் ஏறினர். 1916 வரை போனவர்கள் மொத்தம் 60,000 பேருக்கும் மேல். அதே மே 14-ஆம் தேதி, 1987-இல், இந்திய வம்சாவளியினர் அதிகம் இடம்பெற்றிருந்த அரசு பதவியேற்று ஒரு மாதமே ஆன நிலையில், ராணுவ அதிகாரியாக இருந்த ரபுக்கா அதைக் கவிழ்த்தார். 36 ஆண்டுகள் கழித்து, 2023 மே 14-ஆம் தேதி, மெத்தடிஸ்ட் திருச்சபை சுவாவில் நடத்திய ஒப்புரவு வழிபாட்டில் அவரே பிரதமராக நின்று மன்னிப்புக் கேட்டார். மறுநாள், ஒப்பந்தக் கூலிகளை நினைவுகூரும் கிர்மிட் நாள் முதன்முறையாக அரசு விடுமுறையாயிற்று. இந்தச் செய்தி வந்த தாளின் நடுவில் சேற்றுக்கறை படிந்து, கீழ்மூலை கிழிந்திருந்தது. கடைக்காரர் கறையைத் தேய்க்காமல், கிழிந்த இடத்துக்குப் பின்னால் மெல்லிய தாள் ஒட்டி, வரிகளை ஒன்றுக்கு நேர் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். "கும்பிட்டுக் கேட்டாரா, சும்மா வாய்ல சொன்னாரா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு நான் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன், பசைக் கையோடு நின்று முழுவதும் கேட்டார்.

பிப்ரவரியில் நாந்தியில் நடந்த உலக இந்தி மாநாடு, மார்ச்சில் பைனிமராமா கைதானது, 2012-இல் கலைக்கப்பட்ட, பிஜிப் பூர்வகுடித் தலைவர்களின் பேரவை மே இறுதியில் மீண்டும் கூடியது, அக்டோபரில் பைனிமராமா வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டது ஆகிய எல்லாம் தேதி வரிசை பிசகாமல் வந்திருக்கின்றன.

குறை இரண்டு. தைப் பொங்கலுக்குள் தருவதாகச் சொன்ன வேலை மாசி முடியும்போதுதான் கைக்கு வந்தது. நனைந்த தாளை அவசரப்படுத்த முடியாது என்பது நியாயமே, ஆனால் தாமதமாகும் என்று ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். இரண்டாவது குறை எனக்கு இன்னும் ஆறவில்லை. செப்டம்பர் 17-ஆம் தேதி ரக்பி உலகக் கோப்பையில் பிஜி 22-க்கு 15 என்று ஆஸ்திரேலியாவை வென்றது. 1954-க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி அது. அந்தச் செய்தித் தாளின் தலைப்பகுதியை விளிம்பு வெட்டும் இயந்திரம் சற்று ஆழமாக வெட்டியதில் தேதி வரி போய்விட்டது. வரலாற்றுத் தாளுக்குத் தேதிதான் உயிர். கடைக்காரர் தவறை ஒப்புக்கொண்டு, அந்தத் தொகுதிக்கான கூலியில் 100 ரூபாயைத் தாமாகவே குறைத்துக்கொண்டார்.

இரண்டு தொகுதிகளுக்கும் சேர்த்து 1,400 ரூபாய் ஆனது. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் போனால் நோட்டு வேலையில் மூழ்கியிருப்பார். தை, மாசி நல்லது. பைனிமராமாவின் விடுதலை மேல்முறையீட்டில் ரத்தாகி, 2024 மே மாதம் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட செய்தியோடு அடுத்த ஆண்டுக் கட்டு வந்து சேர்ந்ததும், அதையும் அதே கடையில்தான் கொடுத்தேன். இம்முறை ஒவ்வொரு தாளிலும் தேதிக்கு மேலே பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். வெட்டு எதுவும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.