மடிக்கணினிக்குத் தெர்மல் பேஸ்ட்டா, ஃபேஸ் சேஞ்ச் தாளா? ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

காணொளித் தொகுப்புக்காக நாள் முழுவதும் ஓடும் மடிக்கணினியிலும் பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றிலும், சிப்பின் சூட்டை ஹீட் சிங்குக்கு (வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பகுதி) கடத்துவதற்காக இடையில் வைக்கும் பலவகைப் பொருள்களைச் சில ஆண்டுகளாக மாற்றிமாற்றிப் பயன்படுத்தி வந்ததில், உறைமீது அச்சிட்டிருக்கும் வெப்பக் கடத்துத்திறனை மட்டும் பார்த்து வாங்கும் வழக்கத்தை விட்டுவிட்டேன்.

சிப்பின் மேற்பரப்பும் ஹீட் சிங்கின் அடிப்பரப்பும் எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும், அவற்றின் நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்கிவிடுகிறது. செம்பின் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 400 வாட், காற்றினுடையதோ 0.026 மட்டுமே. அந்தக் காற்றை வெளியேற்றுவதற்குத்தான் பேஸ்ட். ஆகவே அது எவ்வளவு மெல்லியதாகப் படிகிறது என்பது முதன்மையாகிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் வழியாக 10 வாட் வெப்பம் செல்கிறது என்று கொள்வோம். கடத்துத்திறன் 4 உள்ள பேஸ்ட் 0.05 மில்லிமீட்டர் கனத்தில் படிந்தால், அதன் இரு பக்கங்களுக்கும் இடையே 1.25 டிகிரி வேறுபாடே இருக்கும். கடத்துத்திறன் 8 உள்ள பேட் (இடைவெளியை நிரப்பும் மெத்தென்ற தடித்த தாள்) 1 மில்லிமீட்டர் கனத்தில் இருந்தால் 12.5 டிகிரி ஆகிவிடும். தொடுபரப்புத் தடையை இதில் சேர்க்கவில்லை.

மடிக்கணினியில் வேறொரு சிக்கலும் உண்டு. அதில் சிப்பின்மேல் உலோக மூடி இருப்பதில்லை; சிலிக்கனும் செம்பும் வெவ்வேறு அளவில் விரிவடைவதால், ஒவ்வொரு முறை சூடாகிக் குளிரும்போதும் பேஸ்ட் சிறிது சிறிதாக ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. புதிதாகப் பூசியபோது அருமையாக இருந்த இளகிய பேஸ்ட்டுகள், சில மாதங்களில் பழைய வெப்பநிலைக்கே திரும்பியதற்குக் காரணம் இதுதான்.

இப்போது என் மடிக்கணினியில் இருப்பது ஹனிவெல்லின் பிடிஎம்7950 என்னும் ஃபேஸ் சேஞ்ச் தாள். அறை வெப்பநிலையில் திடமாக இருக்கும் இது, ஏறத்தாழ 45 டிகிரியில் இளகி, அழுத்தத்தால் மெல்லிய படலமாகப் பரவுகிறது. ஆனால் ஓரத்துக்கு எளிதில் ஒழுகிவிடுவதில்லை. முதல் நாளில் நல்ல பேஸ்ட்டைவிடப் பெரிதாக மேம்பட்டதாகத் தோன்றவில்லை. சில முறை சூடேறிக் குளிர்ந்த பிறகே படிந்து, அன்று முதல் வெப்பநிலை ஏறாமல் நிற்கிறது. எனக்கு வேண்டியதும் அதுவே. நம் ஊர்க் கோடையில் தாள் குழைந்து உறையோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், சிறிது நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து உரிப்பது நல்லது. போலிகள் நிறைய உலவுவதால் வாங்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும்.

கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகச் சிப்புகளுக்குப் பேட்தான் பொருத்தம். அங்குள்ள இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது. கனத்தை மட்டும் துல்லியமாக அளந்து வாங்க வேண்டும்; அரை மில்லிமீட்டர் கூடினாலும், பேட் கடினமானதாக இருந்தால், அது ஹீட் சிங்கையே தூக்கிப்பிடித்து முதன்மைச் சிப்பின் தொடர்பைக் கெடுத்துவிடும். மலிவான பேட்டுகளிலிருந்து காலப்போக்கில் சிலிக்கோன் எண்ணெய் கசிவதும் உண்டு. பார்க்க அருவருப்பாக இருந்தாலும், அது பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்தாது.

பேஸ்ட்டுக்குப் பதிலாகப் பூசப்படும் திரவ உலோகத்தின் கடத்துத்திறன் இவை எல்லாவற்றையும் விஞ்சும் என்றாலும், வீட்டுப் பயன்பாட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலுள்ள காலியம் என்னும் உலோகம் அலுமினியத்துக்குள் ஊடுருவி அதை நொறுங்கச் செய்யும். மின்சாரத்தையும் கடத்துவதால், ஒரு துளி சிதறினாலும் மின்சுற்றுப் பலகை பழுதாகலாம். 2020இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 இதைப் பயன்படுத்துகிறது; ஆனால் அங்கே கசிவைத் தடுக்கும் அமைப்பு தொழிற்சாலையிலேயே சேர்க்கப்பட்டுள்ளது.

உலோக மூடியுள்ள மேசைக்கணினிச் செயலிக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. சற்றுக் கெட்டியான நடுத்தர விலைப் பேஸ்ட் அங்கே ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது. ஃபேஸ் சேஞ்ச் தாளுக்குக் கூடுதலாகப் பணம் செலவிட எனக்குக் காரணம் தெரியவில்லை.