தெரபி சென்டரில் பணம் கட்டும் முன், பிள்ளை மேல் கை வைக்கப்போவது யார் என்று கேளுங்கள்

கோவையில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்களும் படித்து வையுங்கள்.

என் மகனுக்கு நாலரை வயது. ஆட்டிசம் இருக்கிறது, ஆக்குபேஷனல் தெரபி ஆரம்பியுங்கள் என்றார் டாக்டர். ஓ.டி. என்று சுருக்கமாகச் சொல்கிற இது, பிள்ளை அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை. அப்போது எனக்கு அது என்னவென்றே தெரியாது. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சென்டர் இருந்தது. போர்டில் ஒருவருடைய பெயர், பக்கத்தில் ஓ.டி. படிப்புக்கான பி.ஓ.டி. பட்டம். முதல் நாள் அவரே ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்தார், பொறுமையாகப் பேசினார். செஷனுக்கு 600 ரூபாய், மாதம் 12 செஷன். மூன்று மாதப் பணம் 21,600 ரூபாயை மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள். நகைச்சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினோம்.

அதற்கப்புறம் அவர் எங்கள் கண்ணில் படவே இல்லை. இருபது வயசுப் பெண் ஒருத்தி வந்து பிள்ளையைக் கூட்டிப் போவாள். அசிஸ்டன்ட் தெரபிஸ்ட் என்றார்கள். கதவைச் சாத்திவிடுவாள். "நீங்க உள்ள இருந்தா தம்பி எதுவும் செய்ய மாட்டான் அக்கா" என்றாள். நானும் நம்பி, முக்கால் மணி நேரம் வெளியே செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஆறாவது வாரம் ஒரு நாள் குளிப்பாட்டும்போது பார்த்தேன். தொப்புளைச் சுற்றிக் கோடு கோடாகச் சிவந்திருந்தது. தண்ணீர் பட்டதும் துடித்துப்போனான். இன்னும் பேச்சு வராத பிள்ளை. என் கையைத் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டான்.

மறுநாள் போய்க் கேட்டதற்கு 'பிரஷிங்' செய்ததாகச் சொன்னாள். பிரஷைக் காட்டினாள். துணி துவைக்கிற பிரஷ் மாதிரி முரடாக இருந்தது. பிரஷிங், அதாவது தோலைப் பிரஷால் தேய்த்துவிடுவது, ஓ.டி.யில் சில பிள்ளைகளுக்குச் செய்வதுதான். ஆனால் அதற்கென்று இருக்கும் மெல்லிய பிரஷால் கை, கால், முதுகில் மட்டும், பயிற்சி எடுத்தவர்தான் செய்ய வேண்டும். முகம், நெஞ்சு, வயிறு பக்கம் போகவே கூடாது. இதெல்லாம் பிறகு வேறொரு தெரபிஸ்ட் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. சென்டரில் பிள்ளையைப் பார்த்த அந்தப் பெண் படித்தது பி.காம். மூன்று மாத ஆன்லைன் சர்டிபிகேட் ஒன்று வைத்திருந்தாள். அவளைத் திட்ட மனம் வரவில்லை. அவளைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் போனவர் மேல்தான் கோபம்.

நிர்வாகத்திடம் சண்டை போட்டபோது, "எங்களிடம் ஆர்.சி.ஐ. பதிவு இருக்கிறது" என்று ஒரு சான்றிதழை நீட்டினார்கள். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறோம். இந்திய மறுவாழ்வு கவுன்சிலான ஆர்.சி.ஐ., சிறப்புக் கல்வி ஆசிரியர், ஸ்பீச் தெரபிஸ்ட் போன்றவர்களைத்தான் பதிவு செய்கிறது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அதில் வரமாட்டார். அவர்கள் நீட்டியது அங்கே வேலை செய்த டீச்சருடைய சான்றிதழ். ஓ.டி.க்குப் பார்க்க வேண்டியது பி.ஓ.டி. அல்லது அதன் மேல்படிப்பான எம்.ஓ.டி. பட்டம், எந்தக் கல்லூரி, அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சங்கத்தில் உறுப்பினர் எண் இருக்கிறதா என்பது. பி.ஓ.டி. என்பது இன்டர்ன்ஷிப்போடு நாலு வருஷத்துக்கும் மேல் படிக்கிற படிப்பு. மூன்று மாதத்தில் யாரும் ஓ.டி. ஆகிவிட முடியாது.

நியூஜெர்சியில் இருக்கும் என் நாத்தனார் கேட்டுவிட்டு ஆடிப்போய்விட்டார். அங்கே உதவியாளர் என்றாலும் அதற்கான படிப்பை முடித்து, தேசியத் தேர்வு எழுதி, மாநில லைசென்ஸ் வாங்க வேண்டுமாம். பெயரைப் போட்டால் லைசென்ஸ் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாமாம். இங்கே 2021இல் துணை மருத்துவத் துறையினருக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்து, ஓ.டி.யும் அதற்குள் இருக்கிறது. ஆனால் நம் தெருவில் இருக்கும் சென்டரில் யார் செய்கிறார் என்பதை இன்றைக்கும் நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது அரசு மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போகிறோம். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் சொல்வார்கள். 18 வயது வரை பார்க்கிறார்கள், கட்டணம் இல்லை. காத்திருக்க வேண்டியிருக்கிறது, ஆனால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறேன், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லித் தருகிறார்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக மத்திய அரசு நடத்தும் நிப்மெட் நிறுவனத்தில் விசாரியுங்கள்.

கட்டிய பணத்தில் பாதி நாள் போகவே இல்லை. மீதியைக் கேட்டால் ரீஃபண்ட் கிடையாது என்கிறார்கள். ரசீது, வயிற்றின் போட்டோ, அவர்கள் அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறோம். இதே மாதிரி அனுபவம் உள்ளவர்கள் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்குத் தகவல் சொல்லுங்கள்.