‘முழுமையாக அழித்தாயிற்று’ என்று பில் போட்டுக் கொடுத்தார்கள்

பழைய கணினியைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கலாம் என்று இருப்பவர்கள், இதைப் படித்த பிறகு கடைக்குப் போங்கள். எனக்குக் கையை விட்டுப் போன பணம் இரண்டாயிரம் ரூபாய்தான். போன பெயருக்கு விலை சொல்லத் தெரியவில்லை.

திருச்சியில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் வேலை பார்க்கிறேன். நான் ஆடிட்டர் இல்லை. ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் குப்பை கொட்டிவிட்டு, பிறகு வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தவள். பள்ளி ஆசிரியர்கள், பொன்மலை ரயில்வே பணிமனை ஊழியர்கள், ஓய்வூதியக்காரர்கள், இரண்டு மூன்று மளிகைக் கடைக்காரர்கள் என்று நூற்றுப் பத்துக் குடும்பங்களின் கணக்கு என்னிடம் இருக்கிறது. அத்தனையும் 2016இல் வாங்கிய ஒரு மேசைக் கணினியில் இருந்தது.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. என்னுடைய கணினியில் இருந்தது இன்டெல்லின் ஆறாம் தலைமுறை ஐ3 சிப். எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் கணினிகளை, ஓரிரண்டு விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்வதில்லை. ஊரார் பான் எண்ணையெல்லாம் வைத்துக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் வேலை பார்ப்பது சரியில்லை என்று புதியது வாங்கினேன். பாதுகாப்பை நினைத்துத்தான் மாற்றினேன் என்று இப்போது யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

பழைய கணினிக்குள் இரண்டு வட்டுகள் இருந்தன. விண்டோஸ் இருந்தது 240 ஜிபி எஸ்.எஸ்.டி.யில் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் வட்டு). கோப்புகள் எல்லாம் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில். விற்பதற்கு முந்தைய இரவு எல்லாவற்றையும் வெளிவட்டு ஒன்றில் நகல் எடுத்தேன். கணக்கு மென்பொருளின் உரிமத்தை ஒப்படைத்தேன் (டாலி வைத்திருப்பவர்கள் இதை மறந்தால் புதிய கணினியில் அவதிப்பட வேண்டும்). பிறகு கோப்புறைகளை ஒவ்வொன்றாக அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். வீட்டைக் கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கொடுக்கிற திருப்தி.

கடை சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில். பெயரை எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, இது அந்த ஒரு கடையின் பழக்கம் மட்டும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. தொலைபேசியில் எட்டாயிரத்து ஐந்நூறு என்று சொல்லியிருந்தார்கள். நேரில் கொண்டுபோய் வைத்ததும், கடைக்காரர் எதையோ சொருகினார். கறுப்புத் திரையில் சிவப்பாக ஏதோ வரிகள் ஓடின.

“ஹார்ட் டிஸ்க்கில் பேட் செக்டார் இருக்கிறது மேடம். இதை யாருக்கும் போட்டுக் கொடுக்க முடியாது. தூக்கி எறிந்துவிட்டு வேறு மாற்ற வேண்டும்.”

பேட் செக்டார் என்றால் டிஸ்க்கில் கெட்டுப்போன இடம் என்று அர்த்தம். ஆயிரத்து ஐந்நூறு குறைந்தது. பிறகு அவரே கேட்டார்: “உள்ளே முக்கியமானது ஏதாவது இருந்ததா?” வரிக் கணக்கு என்றேன். “ஐயோ மேடம், அப்படியே கொடுக்கலாமா? ஐந்நூறு கொடுங்கள், முழுமையாக அழித்து பில்லிலேயே எழுதித் தருகிறோம்.”

தூக்கி எறியப் போகிற டிஸ்க்கை எதற்குக் காசு கொடுத்து அழிக்க வேண்டும்? எறிவதுதான் என்றால் என் கையில் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கலாமே? இது இன்றைக்கு எனக்குத் தெரிகிற கேள்வி. அன்றைக்கு எனக்கு அவர் மேல் மதிப்புதான் வந்தது. எதிரே டீ குடித்துவிட்டு வருவதற்குள், இருபது நிமிடத்தில், வேலை முடிந்திருந்தது. ‘டேட்டா முழுமையாக அழித்தாயிற்று – ரூ. 500’ என்று பில். மீதி ஆறாயிரத்து ஐந்நூறு கையில்.

மூன்று வாரம் கழித்து ஒரு பையன் கூப்பிட்டான். “மேடம், நீங்கள் வரி பார்க்கிற மேடமா?” புது வாடிக்கையாளர் என்று நினைத்தேன். பொறியியல் கல்லூரி மாணவன், அந்தக் கடையில் பழைய கணினி ஒன்றை வாங்கியவன். தன்னுடைய ப்ராஜெக்ட் கோப்புறையைத் தவறுதலாக அழித்துவிட்டான். சீனியர் ஒருவன் சொன்னபடி, அழிந்த கோப்புகளை மீட்கும் இலவச மென்பொருளை இறக்கி, ராத்திரி முழுக்க ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறான். காலையில் பெயர் இல்லாமல் வெறும் எண்களாக ஆயிரக்கணக்கில் கோப்புகள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறான். அவனுடையது பாதிதான் கிடைத்தது. என்னுடையது கிட்டத்தட்ட முழுதும் கிடைத்திருந்தது. நான் வாடிக்கையாளர்களுக்குப் போட்ட பில் ஒன்றில் என் எண்ணைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

“நிறையப் பேருடைய ஆதார் இருக்கிறது மேடம். எனக்குப் பயமாக இருக்கிறது” என்றான். அவனுக்குப் பயமாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

நடந்தது என்னவென்று பிறகுதான் கற்றுக்கொண்டேன். பட்டாவைக் கிழித்துப் போட்டால் நிலம் காணாமல் போய்விடுமா? கோப்பை அழிப்பதும் விரைவு ஃபார்மேட் செய்வதும் பட்டாவைக் கிழிக்கிற வேலைதான். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேடு மட்டும் புதிதாகிறது. பயிர் அப்படியே நிற்கிறது. புதிதாக ஒருவர் வந்து உழுதால்தான், அதாவது அதே இடத்தின் மேல் வேறு ஏதாவது எழுதினால்தான், பழையது போகும். 1 டிபி ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்.பி. வேகத்தில் எழுதினாலும், ஓரம் முதல் ஓரம் வரை உழுது முடிக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். இருபது நிமிடத்தில் யாராவது அழித்துத் தந்தால் அவர் அழிக்கவில்லை. இந்தக் கணக்கு ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தாலே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

பையனுக்குக் கிடைத்தது முழுக்க ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. எஸ்.எஸ்.டி.யிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஃபார்மேட் செய்ததும் ‘இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்’ என்று விண்டோஸ் அதற்குச் சொல்லிவிடும், அதுவே உள்ளே துடைத்துக்கொள்ளும். அதற்காக அதை நம்பி இருக்காதீர்கள். எல்லா நேரமும் அப்படி நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மேலே எழுதி அழிக்கும் முறையும் எஸ்.எஸ்.டி.யில் முழுமையாகப் பலிக்காது, ஏனென்றால் அது எழுதும் இடத்தைத் தானாக மாற்றிக்கொண்டே இருக்கும். தயாரித்த நிறுவனமே தரும் மென்பொருளிலோ, சில கணினிகளின் பயாஸிலோ (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கிற அமைப்புத் திரை) இருக்கும் ‘செக்யூர் இரேஸ்’ கட்டளைதான் அதற்குச் சரி.

இன்னொரு மூடநம்பிக்கையும் எனக்கு இருந்தது. பி.டி.எஃப். கோப்புகளுக்குத்தான் கடவுச்சொல் இருக்கிறதே என்று. மின்-ஆதாரின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். வருமான வரித் தளத்தின் ஏ.ஐ.எஸ். அறிக்கைக்கு (ஒருவரின் ஆண்டு வருமான விவரத் தொகுப்பு), பான் எண்ணும் பிறந்த தேதியும். பக்கத்திலேயே பான் அட்டை நகல் கிடக்கிறது, அதில் பெயர், பிறந்த தேதி, எண் மூன்றும் இருக்கின்றன. பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டியிருந்தேன். எல்லாவற்றையும்விட மோசம், வாடிக்கையாளர்களின் வரித்தளக் கடவுச்சொற்களை எழுதி வைத்திருந்த எக்செல் கோப்பு. அந்தக் குற்றம் கடைக்காரருடையது இல்லை, என்னுடையது. மறைத்து எழுதினால் இந்தப் பதிவுக்கு அர்த்தம் இல்லை.

கடைக்குப் போனேன். கையில் 2016இல் கணினி வாங்கிய பில் இருந்தது, அதில் ஹார்ட் டிஸ்க்கின் வரிசை எண் அச்சாகியிருந்தது. பையன் தன் கணினியைத் திறந்து டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். இரண்டும் ஒரே எண். அவனுக்குக் கொடுத்த பில்லில் ‘1 டிபி ஹார்ட் டிஸ்க், சோதித்தது, நல்ல நிலை’ என்று எழுதியிருந்தது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் ஆரோக்கியம் ‘குட்’ என்று நீல நிறத்தில் காட்டுகிறது. கெட்டுப்போன செக்டார் ஒன்றுகூட இல்லை. தூக்கி எறிய வேண்டிய டிஸ்க் என்று என்னிடம் ஆயிரத்து ஐந்நூறு பிடித்துவிட்டு, அதையே நல்ல டிஸ்க் என்று அவனுக்கு விற்றிருக்கிறார்கள். ஒழுங்காக அழித்திருந்தால் இந்தப் பொய் எனக்குத் தெரிந்தே இருக்காது. அழிக்காமல் விட்டதால்தான் மாட்டினார்கள்.

கடைக்காரர் அசரவில்லை. “பையன் செய்ததுதான் தப்பு மேடம். அடுத்தவர் ஃபைலை அவன் எதற்குத் தோண்டுகிறான்?” என்றார். வரிசை எண்ணைக் காட்டியதும் குரல் இறங்கியது. ஐந்நூறைத் திருப்பித் தந்தார். ஆயிரத்து ஐந்நூறு பேரத்தில் போனதாம், அதற்குத் தான் பொறுப்பில்லையாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்த பிறகு, வாபஸ் வாங்கினால் மீதியையும் தருவதாகத் தூது வந்திருக்கிறது. வாங்கவில்லை.

இது புதிய கதையும் இல்லை என்று தெரிந்தபோது இன்னும் கோபம் வந்தது. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இரண்டு எம்.ஐ.டி. ஆய்வு மாணவர்கள் அமெரிக்காவில் 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிப் பார்த்து 2003இல் எழுதியிருக்கிறார்கள். வேலை செய்த 129இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, என் முறை வந்திருக்கிறது.

அடுத்தவரை நம்பாமல் வீட்டிலேயே செய்துவிடலாம், கடினமே இல்லை. கோப்புகள் உள்ள இரண்டாவது வட்டு என்றால், ஃபார்மேட் செய்யும்போது ‘குயிக்’ என்ற கட்டத்தில் இருக்கும் குறியை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் விஸ்டா பதிப்பு வந்த காலத்திலிருந்தே, குறி இல்லாவிட்டால் விண்டோஸ் வட்டு முழுக்கச் சுழியத்தை எழுதுகிறது. ராத்திரி ஆரம்பித்துவிட்டுத் தூங்குங்கள். விண்டோஸில் வட்டுகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் என்ற கருவி தெரிந்தவர்கள் ‘கிளீன் ஆல்’ கொடுக்கலாம். வெறும் ‘கிளீன்’ பட்டாவை மட்டும்தான் கிழிக்கும். வட்டு எண்ணை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள், நகல் எடுத்த வெளிவட்டு அப்போது சொருகியிருந்தால் கதை முடிந்தது. விண்டோஸ் இருக்கும் வட்டுக்கு, அமைப்புகளில் ‘ரீசெட் திஸ் பிசி’ போய் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லுங்கள். அங்கே ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்று சின்ன எழுத்தில் இருப்பதைத் திறந்தால்தான் ‘கிளீன் டேட்டா’ என்ற பொத்தான் கண்ணில் படும். அதைப் போடாவிட்டால் மேலோட்டமான துடைப்புதான். முப்பத்தைந்து முறை எழுதி அழிக்க வேண்டும் என்று பயமுறுத்துகிறவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம். அது 1996இல், அந்தக் காலத்து டிஸ்க்குகளுக்காகச் சொன்னது. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு முறை முழுக்க எழுதினால் போதும். முடிந்ததும் ரெகுவா, ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளை நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். எவனோ ஓட்டுவதற்கு முன்னால்.

இத்தனைக்கும் பொறுமை இல்லையென்றால், டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடுங்கள். நான்கு திருகுதான். எப்படியும் அது கெட்டுவிட்டது என்றுதானே விலையைக் குறைக்கப் போகிறார்கள்? கொண்டுபோவதற்கு முன் டிஸ்க்கின் ஆரோக்கியம் காட்டும் திரையைப் படம் எடுத்து வையுங்கள், வரிசை எண்ணோடு.

பையனுக்குப் புதிய எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிக் கொடுத்து, பழைய டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மீட்ட கோப்புகளை அவன் ஒரு பென் டிரைவில் போட்டிருந்தான், அதையும் தந்தான். முதலில் மேடம் என்றவன் இப்போது அக்கா என்கிறான். டிஸ்க் என் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. மூன்று முறை சுழியம் எழுதியாயிற்று. ஒன்று போதும் என்று மேலே நான்தான் எழுதியிருக்கிறேன், தெரியும்.

பிறகு நூற்றுப் பத்து வீடுகளுக்கும் நானே தொலைபேசி செய்தேன். நான்கு நாள் ஆயிற்று. வரித்தளக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், ஆதார் செயலியில் உங்கள் கைரேகையை யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டி வையுங்கள், உங்கள் பான் எண்ணில் தெரியாத கடன் ஏதாவது இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையில் பாருங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “சொன்னதே பெரிய விஷயம் அம்மா” என்றார். பொன்மலை வாடிக்கையாளர் ஒருவர் பதிலே சொல்லாமல் வைத்துவிட்டார். மறுநாள் அவர் மைத்துனரும் தன் கோப்பைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் போனார். ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும் நேரத்தில் மற்றவர்களில் எத்தனை பேர் வாசலுக்கு வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.