நகைக்கடைக்கு ஆயுதமேந்திய காவல்: பினாங்கில் ஒரு சேவையைப் பற்றிய மதிப்பீடு

பினாங்கு ஜார்ஜ் டவுனில், நம்மவர் இன்றும் கடைத்தெரு என்று சொல்லும் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் அதை ஒட்டிய சாலைகளிலும் நகை வணிகம் செய்கிறவர்கள், துப்பாக்கி ஏந்திய பாதுகாவலரை அமர்த்தலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. எங்கள் கடைக்கு ஓராண்டுக்கும் மேலாக அத்தகைய காவலை வழங்கிவரும் தனியார் நிறுவனம் ஒன்றின் சேவையை, அந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன். நிறுவனத்தின் பெயரையோ எங்கள் கடையின் பெயரையோ எழுதப் போவதில்லை. எந்தக் கடையை எவர் காக்கிறார் என்பதைப் பொதுவில் அறிவிப்பது, பூட்டை வாங்கி மாட்டிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்கு ஒப்பாகும்.

ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்த நாள்களில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பணிபுரியும் என் தம்பி மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். "இதற்கு எதற்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், அத்தை? எங்கள் பக்கத்தில் நகைக்கடை முதலாளியே இடுப்பில் ஒன்றை வைத்திருக்கிறார்" என்றான். அவன் சொன்னதில் மிகை இல்லை. டெக்சஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல், சட்டத்தால் தடுக்கப்படாத, 21 வயது நிரம்பிய எவரும் உரிமம் ஏதுமின்றிக் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம்; அந்நாட்டின் மாநிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இப்போது இதே வழியில் வந்துவிட்டன. நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, மாநிலக் காவல்துறைத் தலைவரிடம் விண்ணப்பித்து, தக்க காரணம் காட்டி, அவர் மனநிறைவு அடைந்தால் மட்டுமே உரிமம் கிடைக்கும். நியூயார்க்கில் நூறாண்டுக்கு மேலாக நடைமுறையில் இருந்த ஏறக்குறைய இதே போன்ற விதியைத்தான், அது ஆயுதம் ஏந்தும் உரிமையைக் காக்கும், அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்துக்கு முரணானது என்று 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அங்கே துப்பாக்கி குடிமகனின் உரிமை. மறுக்க விரும்பும் அரசுதான் காரணம் சொல்ல வேண்டும். இங்கே அது அரசு தரும் சலுகை. கேட்கிறவர்தான் காரணம் சொல்ல வேண்டும். நான் காரணம் சொல்லக் காத்திருக்கவும் விரும்பவில்லை, இடுப்பில் எதையும் செருகிக்கொண்டு கல்லாவில் உட்காரவும் விரும்பவில்லை. ஆகவே நிறுவனத்தை நாடினோம்.

இந்த நிறுவனத்தின் முதல் சிறப்பு அதன் ஆவண ஒழுங்கு. தனியார் காவல் நிறுவனங்கள் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சின் உரிமம் பெற்றே இயங்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அந்த உரிமத்தின் நகலைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி வைப்பதோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். இவர்கள் அனுப்பிய மேற்பார்வையாளரோ, நாங்கள் கேட்பதற்கு முன்பே ஒரு கோப்பைத் திறந்து, துப்பாக்கி நிறுவனத்தின் பெயரில் உரிமம் பெற்றது என்பதையும், அதை எடுத்துச் சென்று பயன்படுத்தும் அனுமதி இன்ன ஆளின் பெயருக்கு உள்ளது என்பதையும், அந்த ஆளின் அடையாள அட்டை, பயிற்சிச் சான்றிதழ், முன்னாள் இராணுவப் பணியின் சான்று ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். துப்பாக்கியின் வரிசை எண்ணும் பாதுகாவலரின் பெயரும் ஒரே தாளில் இருந்தன.

இவற்றையெல்லாம் பார்ப்பது வீண் சந்தேகம் என்று கருதுகிறவர்களுக்கு இரண்டு நிகழ்வுகளை நினைவூட்டுகிறேன். 2013 அக்டோபரில் சுபாங் ஜெயாவில், வங்கிக் கிளை ஒன்றைக் காக்க நிறுத்தப்பட்டிருந்த பாதுகாவலரே பெண் அதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டுப் பணத்துடன் தப்பினார். அவர் போலி அடையாள அட்டையில் வேலைக்குச் சேர்ந்த வெளிநாட்டவர் என்பது பிறகே தெரியவந்தது. 2016 டிசம்பர் 1 அன்று, நம் பினாங்கிலேயே, துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில், தொழிலதிபர் ஒருவரை அவருடைய மெய்க்காவலரே சுட்டுக் கொன்று, அதன் பின்னும் சாலையில் இருந்தவர்களை நோக்கிச் சுட்டார். மொத்தம் மூவர் உயிரிழந்தனர். இரண்டிலும் துப்பாக்கி திருடன் கொண்டுவந்தது அன்று. காவலுக்கென்று சம்பளம் கொடுத்து வரவழைக்கப்பட்டது. நாங்கள் அஞ்சியதும் கடைக்குள் நுழையக்கூடிய கொள்ளையனைவிட, கடைக்குள்ளேயே நாள் முழுவதும் நிற்கப் போகிற அந்தப் பம்ப்கன் என்னும் நீள்துப்பாக்கியைத்தான்.

எங்களுக்கு அமைந்த பாதுகாவலர் ஓய்வுபெற்ற இராணுவ வீரர். கடைப் பிள்ளைகள் அவரை, மலாயில் மாமா என்று பொருள்படும் பாச்சிக் என்றே அழைத்தார்கள். வாசலில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்பதே காவல் என்று நினைத்திருந்த எங்களுக்கு, அவர் முதல் நாளே இடத்தை மாற்றிக்கொண்டது வியப்பாக இருந்தது. வாசலில் நிற்கிறவரின் கையிலிருந்து துப்பாக்கியைப் பறிப்பது எளிது என்று சொல்லி, முதுகுக்குச் சுவரும் கண்ணுக்கு இரண்டு கதவுகளும் அகப்படும் உள்மூலையைத் தேர்ந்துகொண்டார். குழல் எந்நேரமும் தரையை நோக்கியே இருந்தது. பணிநேரத்தில் கைப்பேசியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் இவை யாவற்றையும்விட எனக்கு மதிப்பாகத் தோன்றியது, வேலையாள்களை உட்கார வைத்து அவர் பேசிய பேச்சு. வாடிக்கையாளர்கள் உள்ளே இருக்கும்போது கொள்ளையர் புகுந்தால் தாம் சுடப் போவதில்லை, நகைத் தட்டைக் கொடுத்துவிடுங்கள், தரையில் படுத்துவிடுங்கள், பொன்னுக்குக் காப்பீடு இருக்கிறது என்று அவர் சொன்னபோது, பிறகு இந்தத் துப்பாக்கி எதற்கு என்று என் மாப்பிள்ளை முணுமுணுத்தார். நியாயமான கேள்விதான்.

அதே கேள்வியை அமெரிக்கா எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், துப்பாக்கியேந்திய தீயவனைத் தடுக்கத் துப்பாக்கியேந்திய நல்லவனால் மட்டுமே முடியும் என்று தேசிய துப்பாக்கிச் சங்கத்தின் தலைமை நிர்வாகி வெய்ன் லாபியர் வாதிட்டார். அந்த வாதத்தை முற்றிலும் பொய் என்று ஒதுக்க முடியாது. 2022 ஜூலையில் இந்தியானா மாநிலத்தின் கிரீன்வுட் பேரங்காடியில் ஒருவன் மூவரைக் கொன்றபோது, அங்கிருந்த 22 வயது இளைஞர் தம் கைத்துப்பாக்கியால் சில நொடிகளில் அவனை வீழ்த்தினார். ஆயினும் அதே ஆண்டு மே மாதம், பஃபலோ நகரப் பல்பொருள் அங்காடியில் காவலுக்கு நின்ற, ஓய்வுபெற்ற காவல் அதிகாரி தாக்க வந்தவனைச் சுட்டும், அவன் அணிந்திருந்த குண்டு துளைக்காத கவசம் அவனைக் காத்தது. கொல்லப்பட்ட பத்துப் பேரில் அந்தப் பாதுகாவலரும் ஒருவர். பத்து நாள்கள் கழித்து டெக்சஸின் யுவால்டியில், 19 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்ட பள்ளிக்கு 376 காவலர்கள் வந்து சேர்ந்தும், கொலைகாரனை வீழ்த்த 77 நிமிடங்கள் ஆயின. எனவே கையில் ஆயுதம் இருக்கிறதா என்பதோடு கணக்கு முடிவதில்லை. எப்போது சுட வேண்டும், எப்போது சுடக்கூடாது என்பதை அந்தக் கை அறிந்திருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் நாங்கள் பணம் கொடுத்தோம். அந்த அளவில் பாச்சிக்குக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன்.

மற்றொரு நல்ல ஏற்பாடு, மாலையில் கடை அடைத்ததும் நிறுவனத்தின் வண்டி வந்து துப்பாக்கியையும் தோட்டாக்களையும் எண்ணிப் பெற்றுக்கொண்டு, கையொப்பம் வாங்கிக்கொண்டு, தன் காப்பறைக்குத் திரும்ப எடுத்துச் செல்வதாகும். பாச்சிக் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிறார். இது சிறு விவரமாகத் தோன்றலாம். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்காக வாங்கி அலமாரியில் வைத்த ஆயுதம், மனமுடைந்த ஓர் இரவில் வீட்டாரின் கையிலேயே அகப்படுகிறது. பொதுப் பாதுகாப்பு என்று அங்கே நடக்கும் வாக்குவாதத்தில் பள்ளிப் படுகொலைகளுக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

குறைகளுக்கு வருகிறேன். பாச்சிக் உடல்நலம் குன்றி விடுப்பில் சென்றபோது, நிறுவனம் அனுப்பிய பதிலாள் துப்பாக்கியோடு வந்தார். அவரிடம் இருந்த அனுமதியோ வேறொருவர் பெயரில் இருந்தது. நாங்கள் கடையைத் திறக்காமல் மேற்பார்வையாளரை அழைத்தோம். "இன்று ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றார். நாங்கள் பொறுத்துக்கொள்ளவில்லை, துப்பாக்கி வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. அத்தனை அழகாகக் கோப்பைத் திறந்து காட்டிய நிறுவனம் இப்படிச் செய்தது என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. அந்த நாளுக்கும் ஆயுதக் காவலின் கட்டணத்தையே பட்டியலில் சேர்த்திருந்தார்கள். எழுதிக் கேட்ட பிறகே கழித்தார்கள். இரவு நேரத்தில் கட்டுப்பாட்டு அறையை அழைத்தால் எவரும் எடுப்பதில்லை என்பதும், பாதுகாவலர்களின் பன்னிரண்டு மணி நேரப் பணிக்கிடையே மாற்றாள் அனுப்பி ஓய்வு தரும் ஒழுங்கு இல்லை என்பதும் ஏனைய குறைகள். களைத்த கையில் துப்பாக்கி இருப்பது எவருக்கும் நல்லதன்று.

சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் தீயவனுக்கு ஆயுதம் கிடைத்தே தீரும் என்று தம்பி மகன் வாதிட்டான். நம் நாட்டில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. அப்படியிருந்தும் 2024 ஏப்ரலில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் ஒருவர் தம் மனைவியைக் குறிவைத்துச் சுட, குண்டு அம்மையாரின் மெய்க்காவலர்மீது பாய்ந்தது. ஆகவே அவன் வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அமெரிக்காவில் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் ஏறத்தாழ 39 கோடியே 30 இலட்சம் என்று 2018இல் வெளியான ஓர் அனைத்துலக ஆய்வு மதிப்பிட்டது. அதாவது நூறு பேருக்கு 120. இங்கே நூறு பேருக்கு ஒன்றுகூட இல்லை. எங்கள் வட்டாரத்து நகைக்கடைகளில் நுழைந்தவர்களைப் பற்றி நான் கேட்டறிந்தவரை, பெரும்பாலோர் கொண்டுவந்தவை சுத்தியலும் பாராங் என்னும் வெட்டுக்கத்தியும்தான். சுத்தியலை நிறுத்தக் கனமான கண்ணாடியும், ஒன்று மூடினால்தான் மற்றொன்று திறக்கும் இரட்டைக் கதவும் போதும். அவற்றை நிறுவிய பிறகு, பாச்சிக் மூலையில் அமர்ந்திருக்கும் நேரமே கூடியது.

எனவே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதன் வடிவத்தை மாற்றிக்கொண்டோம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும், பட்டறையிலிருந்து பெருமளவில் சரக்கு வரும் நாள்களிலும் மட்டும் ஆயுதக் காவல். மற்ற நாள்களில் கதவைத் திறந்துவிடும் பொறுப்புடன் ஆயுதமில்லாத பாதுகாவலர் ஒருவர். ஆயுதக் காவலுக்கான கட்டணம் மற்றதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்பதால், மீந்த தொகையில் கண்ணாடிக்கான கடன் அடைகிறது. இந்த நிறுவனத்தைப் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டால், பாதுகாவலருக்காகப் பரிந்துரைப்பேன், அலுவலகத்துக்காகத் தயங்குவேன். அமர்த்த விரும்புகிறவர்கள், தம் பெயரில் செல்லத்தக்க அனுமதி இல்லாத பதிலாள் துப்பாக்கியோடு வந்தால் அன்றைய கட்டணம் முழுவதும் இரத்தாகும் என்ற விதியை எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது. எங்கள் புதிய ஒப்பந்தத்தில் அது நான்காம் விதியாக இருக்கிறது. மேற்பார்வையாளர் மறுப்பேதும் சொல்லாமல் கையொப்பமிட்டார்.