காட்டு வான்கோழிகளுக்குத் தீவனப் பாத்தி: மிசூரியில் பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் என் மதிப்பீடு

அமெரிக்காவின் தெற்கு மிசூரியில், ஓசார்க் மலைப்பகுதியின் ஓக் காட்டை ஒட்டிய நிலமொன்றில், காட்டு வான்கோழிகளுக்கும் பாப்ஒயிட் காடைகளுக்கும் தீனி கிடைக்கச் செய்யும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். தானியம் தூவும் கருவி, சூஃபா கிழங்கு, குளோவர் என்னும் தீவனச் செடியின் பாத்தி, எதையும் விதைக்காமல் கிளறி மட்டும் விடும் நிலப்பட்டை ஆகிய நான்கையும் பயன்படுத்தியிருக்கிறேன். குஞ்சுகள் பிழைக்க எது உதவுகிறது என்பதை வைத்தே ஒவ்வொன்றையும் மதிப்பிடுகிறேன்.

குறித்த நேரத்தில் மக்காச்சோளத்தைச் சிதறடிக்கும் கருவி பறவைகளை விரைவில் வரவழைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வெப்பமும் ஈரமும் சேரும் கோடையில் தரையில் கிடக்கும் சோளத்தில் பூஞ்சை படர்ந்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உருவாகக்கூடும். 1960-இல் இங்கிலாந்தில், பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்ற பண்ணை வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் மடிந்த பிறகுதான் இந்த நஞ்சே கண்டறியப்பட்டது. பறவைகள் ஒரே இடத்தில் நெருங்கித் தின்பதால் நோய் தொற்றவும் வழி உண்டு; முட்டைகளைத் தின்னும் ரக்கூன் என்ற சிறு விலங்குகளும் அங்கேயே கூடுகின்றன. சட்டமும் இதற்கு இடம் தருவதில்லை: மிசூரியில் தானியம் தூவிய இடத்தில் வான்கோழியை வேட்டையாடக் கூடாது என்பதோடு, தானியத்தை முற்றிலும் அகற்றிய பிறகும் 10 நாள்களுக்கு அத்தடை நீடிக்கிறது. வழக்கமான வேளாண் முறையில் வளர்ந்து நிற்கும் பயிருக்கு இத்தடை இல்லை.

சூஃபா, நம் வயல்களில் களையாகப் பிடுங்கி எறியும் கோரையின் இனத்தைச் சேர்ந்தது. நீர் தேங்காத மணற்பாங்கான மண்ணில் ஏக்கருக்கு 40 முதல் 50 பவுண்டு வரை, ஒன்றரை அங்குல ஆழத்தில், மே அல்லது ஜூனில் விதைத்தால், மூன்று மாதங்களுக்குச் சற்று மேலாகிக் கிழங்கு முற்றும். இதை முன்பின் அறியாத பறவைகள் பாத்தியைக் கடந்து போய்விடும் என்பதால், முதல் ஆண்டில் சில செடிகளைப் பிடுங்கிக் கிழங்கு வெளியே தெரியும்படி போட வேண்டும். பழகிவிட்டால் குளிர்காலம் முழுவதும் மண்ணைக் கிளறித் தின்னும். ஓக் கொட்டை குறைவாக விழும் ஆண்டுகளில் இது பெரிதும் கைகொடுக்கிறது. காட்டுப்பன்றி நடமாடும் நிலத்தில் மட்டும் விதைக்க வேண்டாம்.

குளோவர்தான் செலவுக்கு ஏற்ற பலன் தருகிறது. இங்குள்ள மண் அமிலத்தன்மை உடையது. மண் பரிசோதனை செய்து, சுண்ணாம்பு இட்டு, பிஎச் அளவை 6-க்கு மேல் உயர்த்தாமல் விதைத்தால் பணம் வீண். பிப்ரவரியில் மண் இரவில் உறைந்து பகலில் இளகும்போது விதையைத் தூவினால், அது தானாகவே மண்ணுக்குள் இறங்கிவிடும். இலையைப் பெரிய பறவைகள் மேய்கின்றன என்பதைவிட, குளோவரில் பூச்சிகள் பெருகுகின்றன என்பதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். தாய்ப்பறவை தரையில் 10 முதல் 12 முட்டைகள் இட்டு, ஏறத்தாழ 28 நாள்கள் அடைகாக்கிறது. பொரிந்த குஞ்சுகள் முதல் இரண்டு வாரங்கள் சரியாகப் பறக்க இயலாமல், வெட்டுக்கிளி, வண்டு போன்றவற்றைத் தின்றே வளர்கின்றன. அந்த வயதில் மக்காச்சோளத்தால் அவற்றுக்குப் பயனில்லை.

ஆயினும், நான் முதலிடம் தருவது விதைக்காத பட்டைகளுக்கே. மேய்ச்சலுக்காக இப்பகுதியெங்கும் பரவியுள்ள கென்டக்கி-31 ஃபெஸ்கியூ புல் தரையோடு பாய்போல அடர்ந்து, குஞ்சுகள் நடக்க வழியில்லாமல் செய்துவிடுகிறது. இலையுதிர்காலத்தில் களைக்கொல்லியால் அதை அழித்து, குளிர்காலத்தில் வட்டுக் கலப்பையால் மேலாகக் கிளறினால், மண்ணில் உறங்கிக் கிடந்த ராக்வீட் முதலிய செடிகள் கோடையில் முழங்கால் உயரத்துக்கு எழுகின்றன. மேலே பருந்தின் கண்ணுக்கு மறைப்பு, கீழே ஓடித் திரிய வெற்றுத்தரை, இடையே நிறையப் பூச்சிகள் என மூன்றும் ஒரே இடத்தில் அமைகின்றன. அதே ராக்வீட்டின் விதை குளிர்காலத்தில் காடைகளுக்கு உணவாகிறது. ஒவ்வோர் ஆண்டும் வேறொரு பட்டையைக் கிளற வேண்டும். முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் கிளறக் கூடாது.

மிசூரியில் வான்கோழிகள் அருகிப்போனதால் 1937-இல் வேட்டை நிறுத்தப்பட்டு, காட்டுப்பறவைகளையே வலையில் பிடித்துத் தகுந்த காடுகளில் விட்ட பின் 1960-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வாழிடம்தான் அவற்றை மீட்டது என்பதால், புதிதாகத் தொடங்குபவர் கருவிக்குச் செலவிடும் தொகையைச் சுண்ணாம்புக்கும் ஃபெஸ்கியூவை அழிப்பதற்கும் செலவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடைகாக்கும் பறவையும் பறக்காத குஞ்சுகளும் புல்வெட்டும் எந்திரத்தில் சிக்கி மாள்வதால், மே முதல் ஜூலை வரை பாத்தியின் ஓரங்களையும் பட்டைகளையும் வெட்டாமல் விட்டுவிடுங்கள்.