ட்ரொம்ஸோவில் மூன்று குளிர்காலம்: வெளிச்ச விளக்கும் என் சீனி அளவும்

வடநோர்வேயில் இருக்கும் ட்ரொம்ஸோவில் நவம்பர் 27 அளவில் சூரியன் இறங்கினால் ஜனவரி 15 வரை அடிவானத்துக்கு மேலே வராது. சுற்றிலும் மலை என்பதால் நகருக்குள் நாங்கள் அதைப் பார்ப்பது ஜனவரி 21 அளவில்தான். இடையில் மதியத்தை ஒட்டிச் சில மணித்தியாலம் நீலமாக ஒரு மங்கல் வெளிச்சம் இருக்கும். இதை இங்கே மொர்க்கெதீட், இருட்டுக் காலம் என்பார்கள்.

எனக்கு இரண்டாம் வகைச் சீனி வருத்தம் வந்து 8 வருடம். ஒவ்வொரு இருட்டுக் காலத்திலும் வெறும் வயிற்றுச் சீனி ஏறிவிடும், மார்ச்சில் தானாக இறங்கும். நான் எடுக்கும் சீனி மாத்திரையான மெட்ஃபோர்மின் அளவு மாறவில்லை. நடை குறைவதுதான் காரணம் என்று நினைத்து ஒரு குளிர்காலம் முழுக்க உள்ளரங்கில் நடந்தேன். கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் 8.5க்குக் கீழே வரவில்லை (இது இங்கே லீற்றருக்கு மில்லிமோல் கணக்கு; ஊரில் எழுதும் மில்லிகிராம் கணக்குக்கு 18ஆல் பெருக்கினால் 153). அப்புறம் ஒரு கொப்பியில் நேரங்களைக் குறித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. படுக்கை இரவு 1 மணிக்கு. இரவு பத்து மணிக்கு மேல்தான் நல்ல பசி. காலையில் எழும்பவே முடியாது. உடம்புக்குள் இருக்கும் மணிக்கூடு பிந்தி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மணிக்கூட்டின் தலைமையிடம் மூளைக்குள், ஹைப்போதலமஸ் என்ற பகுதியில் இருக்கிறது. விழித்திரையில் மெலனொப்சின் என்ற நிறமி உள்ள செல்கள் வெளிச்சத்தை உணர்ந்து அதற்குச் செய்தி அனுப்பும். ஈரலுக்கும் கணையத்துக்கும் தனித்தனி மணிக்கூடுகள் உண்டு. செல்லுக்குள் இந்த மணிக்கூடு எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்குத்தான் 2017இல் மருத்துவ நோபெல் கிடைத்தது. இரவில் மெலட்டோனின் என்ற நித்திரை ஹோர்மோன் ஏறியிருக்கும் நேரத்தில் சாப்பிட்டால் கணையம் பகலில் போல இன்சுலின் விடாது. என் பத்து மணிச் சோறு ஏன் காலைவரை இரத்தத்தில் நின்றது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வடநோர்வேயில் வெளிச்ச விளக்கு புதுப் பொருள் இல்லை, குளிர்கால மனச்சோர்வுக்குப் பலர் வைத்திருக்கிறார்கள். 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), 30 நிமிடம் என்பதுதான் வழக்கமான அளவு. வீட்டு அறையில் பின்னேரம் 100, 200 லக்ஸ்தான் இருக்கும். நான் முதலில் வாங்கிய விளக்கின் பெட்டியில் 10,000 என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது 15 சென்ரிமீற்றர் தூரத்துக்கான கணக்கு என்பது உள்ளே சின்ன எழுத்தில். நான் அதை அறையின் மூலையில் வைத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தேன். வாங்குகிறவர்கள் தூரத்தைக் கட்டாயம் பாருங்கள். முகத்தில் இருந்து 40, 50 சென்ரிமீற்றரில் 10,000 தரும் பெரிய பலகை விளக்குதான் உண்மையில் உதவும்.

தூரத்தைவிடப் பெரிய பிழை நேரத்தில் விட்டேன். வேலை முடிந்து வந்து பின்னேரம் ஏழரைக்கு அதன் முன்னால் இருந்தேன். களைப்புப் போனது உண்மை, நித்திரையும் போனது. "அப்பா, இரவில லைட்டுக்கு முன்னால இருந்தா உடம்பு விடிஞ்சிட்டுது எண்டுதானே நினைக்கும்?" என்று மகள் கேட்டாள். அவள் சொன்னது சரி. இரவு வெளிச்சம் மணிக்கூட்டை இன்னும் பிந்தித் தள்ளும். அந்த ஜனவரியில் காலைச் சீனி 9ஐத் தாண்டியது.

இரண்டாம் குளிர்காலம் நேரத்தை மாற்றினேன். காலை 6.45க்கு எழும்பி, ஏழு மணியில் இருந்து அரை மணித்தியாலம். விளக்கை நேரே உற்றுப் பார்ப்பதில்லை. அது முகத்தில் பட நான் பேப்பர் வாசிப்பேன். முதல் வாரம் ஒன்றுமே தெரியவில்லை. பத்தாம் நாள் அளவில் பதினொரு மணிக்கே கண் சொக்கியது. மூன்று வாரத்தில் இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு வந்துவிட்டது, அதுவும் நான் கட்டாயப்படுத்தாமல், பசியே அந்த நேரத்துக்கு வந்ததால். பெப்ரவரியில் வெறும் வயிற்று அளவு 7.4க்கும் 7.9க்கும் இடையில் நின்றது. இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி முந்தைய குளிர்காலம் 58, இந்த முறை 53. ஊர்க் கணக்கில் 7.5%இல் இருந்து 7.0%.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சொந்தக் காசில் சீனியை விடாமல் அளக்கும் 14 நாள் சென்சார் ஒன்று ஒட்டிப் பார்த்தேன். விளக்கின் முன்னால் இருந்தபடியே பாண் சாப்பிட்ட நாட்களில் சீனி வழக்கத்தைவிட உயரமாக ஏறியது. 2017இல் வெளிவந்த ஒரு நெதர்லாந்து ஆய்விலும், இரண்டாம் வகை நோயுள்ள ஆண்களுக்குக் காலையில் 4,000 லக்ஸ் வெளிச்சம் கொடுத்தபோது சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி கூடியிருக்கிறது. ஆகவே வெளிச்சம் நேரடியாகச் சீனியைக் குறைக்கும் மருந்து இல்லை. அது நித்திரையையும் பசியையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது, சீனி அதன் பின்னால் இறங்கியது. இப்போது விளக்கை அணைத்து, குளித்து, அதன் பிறகே சாப்பாடு.

மூன்றாம் குளிர்காலம் இரவைக் கவனித்தேன். எட்டரைக்குப் பிறகு மேல் விளக்குகள் இல்லை, படுக்கையறையில் கும்மிருட்டு. அமெரிக்காவில் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2022இல் செய்த ஆய்வில், 100 லக்ஸ் வெளிச்சத்தில் ஒரே ஒரு இரவு நித்திரை கொண்டவர்களுக்கே மறுநாள் காலை இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காத நிலை, கூடியது. நாங்கள் டிவியை ஓடவிட்டபடி நித்திரை கொள்ளும் வீடு. அதை நிறுத்தியது விளக்கு அளவுக்கே பலன் தந்தது என்று நம்புகிறேன், அதுவும் செலவில்லாமல்.

சிவப்பு விளக்கு வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2024இல் லண்டன் ஆய்வாளர்கள் 670 நானோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை 15 நிமிடம் முதுகில் பாய்ச்சியபோது, குளுக்கோஸ் குடித்த பின் ஏறும் சீனி 27.7% குறைந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் சீனி வருத்தம் இல்லாதவர்கள். அதை நம்பி நான் இன்னும் காசு போடவில்லை.

சீனி வருத்தக்காரர் விளக்கு வாங்கும் முன் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எனக்குப் பாதிப்பு இல்லை என்று கண் வைத்தியர் சொன்ன பிறகே தொடங்கினேன். இருமுனை மனநோய் உள்ளவர்களும், வெளிச்சத்தில் தோல் எரியும் மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். மாத்திரையை நானாகக் குறைக்கவில்லை, நீங்களும் குறைக்காதீர்கள்.

மார்ச் தொடங்க விளக்கு அலுமாரிக்குப் போய்விடும். மே நடுவில் நள்ளிரவுச் சூரியன் வந்ததும் அதே அலுமாரியில் இருந்து கறுப்புத் திரைச்சீலையை எடுத்து மாட்டுவேன்.