ஆயில் பம்ப் மாற்றியதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார்கள். மூன்று மாதச் சம்பளம் போச்சு!

கறுப்புப் பசைத் துணுக்குகள் ஒரு சின்ன டப்பாவில் என் மேசை மேல் இருக்கின்றன. என் கார் எஞ்சினைக் கெடுத்தவை இவைதான். நேற்று மாலைதான் வண்டி கைக்கு வந்தது. மொத்தச் செலவு என் மூன்று மாதச் சம்பளம். ஆயில் பேன் (எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்குகிற தொட்டி), ஆயில் பம்ப் வேலைக்கு வண்டியை விடப்போகிறவர்கள் இதை முதலில் படித்துவிடுங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப். பெரிய கடையும் இல்லை, தெருவோரக் கடையும் இல்லை. உள்ளே ஸ்கேனர், காத்திருக்கத் தனி அறை, கண்ணாடி வழியாக வேலையைப் பார்க்கலாம் என்று ஒரு பலகை. அந்தப் பலகையை நம்பித்தான் போனேன்.

பிரச்சினை சின்னதுதான். வண்டி நிற்கிற இடத்தில் தினமும் நாணய அளவுக்கு எண்ணெய்க் கறை. அவ்வளவே. உரிமையாளர் வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் கையை விட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயை என் முன்னால் நீட்டினார். "ஆயில் பேன் கேஸ்கட் போயிருக்கு மேடம். பேனைக் கழட்டறப்போ பம்பையும் பார்த்துடறேன்" என்றார். கேஸ்கட் என்றால் எண்ணெய் கசியாமல் இணைப்பை அடைக்கிற பாகம். பொறுமையாகப் பேசினார். பம்ப்தான் எஞ்சினுக்கு இதயம், பேனில் இருக்கிற எண்ணெயை உறிஞ்சி, சுற்றுகிற தண்டைத் தாங்குகிற எல்லா பேரிங்குக்கும் அனுப்புவது அதுதான் என்று வரைந்தே காட்டினார். சொன்னதெல்லாம் உண்மை. அதனால்தான் நம்பினேன்.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு துணியைப் பிரித்து பழைய பம்ப் ஒன்றைக் காட்டினார். உள்ளே சுற்றுகிற ரோட்டரில் ஆழமான கீறல்கள். "இதோட ஓட்டியிருந்தா வழியிலேயே நின்னிருப்பீங்க, நல்ல நேரம்" என்றார். நான் நன்றி சொன்னேன். அந்த ஆளுக்கு நன்றி சொன்னேன்! வீட்டில் காட்டலாம் என்று அந்தப் பம்பைப் போட்டோவும் எடுத்துக்கொண்டேன். சாயங்காலமே வண்டி ரெடி. புது பம்ப், கேஸ்கட், எண்ணெய், ஃபில்டர், கூலி எல்லாம் பில்லில் இருந்தன. அரை மாதச் சம்பளத்தை அன்றே கட்டிவிட்டு வந்தேன்.

11ஆம் நாள் சிக்னலில் நிற்கும்போது எண்ணெய்க் குவளை படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அணைந்தது. ஓரமாக நிறுத்திப் போன் செய்தேன். "புது பம்ப் போட்டிருக்கோம் மேடம், பிரஷர் நல்லாதான் இருக்கும். அது சென்சார். ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது." ஓட்டினேன். அங்கேதான் எல்லாம் முடிந்தது.

பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு எரிவதே எண்ணெய் அழுத்தம் 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தின் அளவு) வரை இறங்கின பிறகுதான் என்று இப்போது தெரிந்துகொண்டேன். முன்கூட்டி எச்சரிக்கிற விளக்கு இல்லை அது. எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி. அதில் எண்ணெய் நிற்காவிட்டால் உலோகமும் உலோகமும் உரசும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை அழுத்தாமல் எஞ்சின் ஓடும்போது, பம்ப் மெதுவாகச் சுற்றுவதால் குறை அங்கே முதலில் தெரிகிறது. வேகமாகச் சுற்றினால் விளக்கு அணையும், ஆனால் எண்ணெய் தேவையான அளவுக்குப் போகிறது என்று அர்த்தமில்லை.

மறுநாள் 'டக் டக்' என்று சத்தம். திரும்பப் போன் செய்தேன். "சத்தமெல்லாம் உங்களுக்குத் தோணுறது மேடம்." அடுத்த முறை, "வீட்ல சாரைப் பேசச் சொல்லுங்க, அவருக்கு விளக்கிச் சொல்றேன்." வண்டி என் பெயரில், பணம் என் சம்பளம், பேசுவதற்கு மட்டும் சார் வேண்டுமாம்! அதற்கப்புறம் போனே எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வயதானவர், அதிகம் பேசாதவர். ஸ்கேனரைத் தொடவே இல்லை. ஆயில் சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜை மாட்டினார். சூடான எஞ்சினில் நிமிடத்துக்கு ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் 10 பி.எஸ்.ஐ. (இதுவும் அழுத்த அளவுதான்) என்பது பழைய மெக்கானிக்குகளின் தோராயக் கணக்கு, சரியான அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் என்றார். முள் கிட்டத்தட்ட அசையவே இல்லை. உடனே எஞ்சினை அணைத்துவிட்டார்.

பேனைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பேனின் உள் விளிம்பு முழுக்க, கசிவை அடைக்கப் பூசுகிற பசையான கேஸ்கட் பேஸ்ட் புழுப்புழுவாகப் பிதுங்கி நிற்கிறது. பாதி உதிர்ந்து, பம்புக்கு எண்ணெய் உறிஞ்சுகிற ஸ்ட்ரெய்னர் வலையில் அடைத்திருக்கிறது. பழைய பேஸ்ட்டைச் சுரண்டி எடுக்காமல், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல், மேலேயே அள்ளிப் பூசியிருக்கிறார்கள். 3 மில்லிமீட்டர் அளவில் மெல்லிய கோடாகப் போட வேண்டியது. பேஸ்ட் காய நேரம் விடாமல் எண்ணெயையும் ஊற்றியிருப்பார்கள் என்றார்.

"புது பம்ப் போட்டாங்களே" என்றேன். அவர் எஞ்சினின் பக்கத்தை மூடியிருக்கும் டைமிங் கவரைக் காட்டினார். "இந்த எஞ்சின்ல பம்ப் இதுக்குப் பின்னாடிம்மா இருக்கு. இதைக் கழட்டாம பம்பைத் தொடவே முடியாது. போல்ட் தலையில ஸ்பேனர் பட்ட தடம் இருக்கா பாருங்க." இல்லை. ஃபாக்டரியில் பூசிய பேஸ்ட் அப்படியே இருந்தது. போனில் இருந்த பம்ப் போட்டோவைக் காட்டினேன். "இது வேற வண்டி பம்ப்" என்றார், ஒரே வார்த்தையில்.

அந்த நிமிஷம் எனக்கு வயிறு எரிந்தது எரிந்ததுதான். என் பம்ப் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. யாருடைய பம்பையோ துணியில் சுற்றிக் காட்டி, மாற்றாத பம்புக்குக் காசு வாங்கி, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை பேஸ்ட் போட்டு அடைத்திருக்கிறார்கள். பேரிங் எல்லாம் போய்விட்டது, கிராங்கைக் கடைந்து சரிசெய்ய வேண்டியதாயிற்று, உதிர்ந்த துகள் உள்ளே போன பம்பையும் இப்போது நிஜமாகவே மாற்ற வேண்டியதாயிற்று. எல்லாம் சேர்த்து மூன்று மாதச் சம்பளம். ஒரு நாணய அளவு கறைக்கு மூன்று மாதச் சம்பளம்.

டப்பாவோடு அந்தக் கடைக்கும் போனேன். "இது நாங்க போட்ட பேஸ்ட் இல்ல. வெளியில பிரிச்சுட்டீங்க, இனி நாங்க பொறுப்பில்ல." அப்படிச் சொல்லும்போதும் அதே பொறுமை, அதே குரல்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில மட்டும். பேனைக் கழற்றச் சம்மதிக்கும் முன் டிரெயின் போல்ட்டையும் (எண்ணெயை வடிக்கக் கழற்றுகிற போல்ட்) அதன் வாஷரையும் பார்க்கச் சொல்லுங்கள், பல கசிவு அங்கேதான். பம்ப் மாற்றணும் என்றால் முதலில் கேஜ் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய பம்ப் வண்டியிலிருந்து கழன்று வருவதை நேரில் பாருங்கள், துணியில் சுற்றி வந்ததை நம்பாதீர்கள். ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்து, அதன் ஓ-ரிங்கை (இணைப்பை அடைக்கிற ரப்பர் வளையம்) புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஜாக்கியை ஆயில் பேனில் வைக்க விடாதீர்கள், நசுங்கினால் ஸ்ட்ரெய்னருக்கு எண்ணெய் வராது. சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சென்சார்தான் என்று யார் சொன்னாலும் அணைத்த பிறகு கேட்டுக்கொள்ளுங்கள்.